மச்சானின் லெப்டொப்பும் என் ரெண்டு தட்டும்

ஒலிபெருக்கிக்காரனை ஊரில் எல்லாரும் கலியாணத்துக்குக் கூப்பிடுவார்கள். ஆனால் ஒருத்தரும் அவனைச் சஹனில் உட்கார விட மாட்டார்கள். ஆறு ஆறு பேராகச் சுற்றியிருந்து, சஹன் என்கிற ஒரே பெரிய தாம்பாளத்தில் சாப்பிடுகிற நேரம், அவன் மட்டும் பெட்டிகளுக்கு நடுவில் நின்று பாட்டு மாற்றிக்கொண்டிருப்பான். எல்லாரும் கை கழுவிய பிறகு மூடி வைத்த பீங்கான் ஒன்று அவனுக்கு வரும். சோறு ஆறிப் போயிருக்கும், இறைச்சியில் எலும்புதான் மிச்சமிருக்கும். பதினைந்து வருசமாக நான் கலியாணச் சோறு தின்ற விதம் அதுதான்.

சாய்ந்தமருதில் ஹனிபா என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்; தட்டுக் காக்கா என்று கேட்டால் நேரே என்னிடம் கொண்டுவந்து விடுவார்கள். துபாயில் ஒரு ஹோட்டலில் சாமான் தூக்குகிற வேலை பார்த்த காலத்தில், அங்கே ஆட்டம் பாட்டு நடந்த மண்டபத்தை மூடினார்கள். இசைத்தட்டுச் சுற்றுகிற மெசின் ரெண்டையும், நடுவில் வைக்கிற மிக்சரையும் குப்பையில் போடப் போனார்கள். கெஞ்சி வாங்கிக் கப்பலில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தேன். ஒரு தட்டில் பாட்டு முடியப் போகும்போது மற்றத் தட்டில் அடுத்த பாட்டை விரலால் அமத்திப் பிடித்திருந்து, சரியான இடத்தில் விரலை எடுக்க வேணும். கேட்கிறவனுக்கு ஒரு பாட்டு எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்று தெரியக் கூடாது. மட்டக்களப்புக்கும் பொத்துவிலுக்கும் நடுவில் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் லெப்டொப் வந்தது. கொண்டுவந்தவன் வெளியாளாக இருந்தால் நாலு ஏச்சு ஏசிவிட்டு இருந்திருப்பேன். அவன் என் பொஞ்சாதி ஜெஸீமாவின் கடைசித் தம்பி நிஸாம். பக்கத்துக் கடைக்காரன் புதுப் பலகை மாட்டியதைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். அந்தக் கடைக்காரன் உங்கள் மச்சானுமாகி, உங்கள் வீட்டுக் குசினியில் வந்து தேத்தண்ணி குடிக்கிறவனுமானால் எப்படி எரியும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த எரிச்சலில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. என் ஒரே மகள் நுஸ்ராவின் கலியாணத்தன்று என் தட்டுத்தான் சுற்ற வேணும், அவனுடைய பெட்டி திறபடக் கூடாது.

மைக்கைக் கொடுத்தது ஆர்?

சுனாமியாகக் கடல் ஊருக்குள் ஏறி வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஜெஸீமாவும் நுஸ்ராவும் நற்பிட்டிமுனையில் ஒரு வயல்காரர் வீட்டுக் கலியாணத்தில் இருந்தோம். தட்டு மெசின், ஸ்பீக்கர், ஒரு பெட்டி இசைத்தட்டு எங்களோடு இருந்தன. வீடும் மிச்ச ஏழு பெட்டியும் சாய்ந்தமருதுக் கரையில். ஜெஸீமாவின் உம்மாவும் அங்கேதான் இருந்தார். நாங்கள் ஓடி வந்து பார்க்க, வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. நிஸாம் ஒரு மாடி வீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தப்பியிருந்தான். மாமியின் மையித்து ரெண்டு நாள் கழித்துக் கிடைத்தது.

பள்ளிக்கூடத்து முகாமில் காணாமல் போனவர்களின் பெயர்களைச் சொல்ல வேணும். அந்தப் பக்கத்தில் மிஞ்சியிருந்த ஒலிபெருக்கி என்னுடையது. எனக்கு ரெண்டாவது பெயருக்கு மேல் வாசிக்க ஏலவில்லை. மைக்கை நிஸாமிடம் நீட்டினேன். உம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவன், விடிந்ததிலிருந்து பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் நின்று வாசித்தான். ஒரு பெயரையும் பிழை விடவில்லை. இப்படிப் பல நாள். நிவாரணத்துக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டு அமைப்பின் பொறுப்பாளர் பெண் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, அவனுக்கு இங்கிலீசும் வரும் என்று அறிந்து, அவனை மொழிபெயர்க்கிற வேலைக்கு எடுத்தார். அவர்கள் ஊரை விட்டுப் போகும்போது அவன் கையில் ஒரு லெப்டொப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

உம்மாவைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளை அவன். அது எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்துகொண்டும் அந்தச் சாமானைக் கண்ட நிமிசத்தில் எனக்கு வந்தது பொறாமைதான். ஜெஸீமா என் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாள்.

“மைக்கக் குடுத்ததும் நீங்க, இப்ப மூஞ்சத் தூக்கிற்று இரிக்கிறதும் நீங்க.”

மிச்சச் சாமான்

லெப்டொப்பில் பாட்டு நிரப்பிக்கொண்டு அவன் போன முதல் வேலை கல்முனையில் ஒரு கலியாண வீடு. அவனிடம் ஸ்பீக்கர் கிடையாது. அதனால் வீட்டுக்காரர் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார். நான் லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் நிறையச் சாமான் ஏற்றி, வயரெல்லாம் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் இறங்கினேன். அவன் சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பையோடு வந்தான். பொண்ணின் வாப்பா பையைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், “மிச்சச் சாமான் எப்ப தம்பி வரும்?” என்று கேட்டார். அல்லாஹ்வே, அந்தக் கேள்வி என் வயிற்றில் பாலை வார்த்தது.

அரை மணித்தியாலம்கூட அந்தப் பால் நிற்கவில்லை. பொம்பளைகள் கேட்ட பாட்டு, மாப்பிள்ளையின் கூட்டாளிமார் கேட்ட பாட்டு, சின்னதுகள் கேட்ட பாட்டு எல்லாம் கேட்ட கையோடு வந்தன. அதுகூடப் பரவாயில்லை. அவன் ஏதோ ஒன்றை அமத்திவிட்டு எழும்பிப் போய்ச் சஹனில் உட்கார்ந்தான். ஓம், உட்கார்ந்தான்! பாட்டு தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கிறது, இவன் நெஞ்செலும்பு இறைச்சியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கிறான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பொண்ணின் வாப்பா வந்து என் தோளில் கையைப் போட்டார்.

“காக்கா, இனி நீங்க ஸ்பீக்கர மட்டும் கொண்டு வாங்க, காணும். பாட்ட மச்சான் பாத்துக்கொள்ளுவார்தானே.”

கடலுக்குப் போன பாட்டுகள்

கடலுக்குப் பிறகு என்னிடம் மிஞ்சியது அந்த ஒரு பெட்டிதான். அதிலும் பாதி நற்பிட்டிமுனை வயல்காரருக்குப் பிடித்த பழைய பாட்டுகள். எங்கே போனாலும் ஆராவது ஒரு பாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “அது இருந்திச்சு மகன், கடலுக்குப் போயிற்று” என்பேன். கேட்டவர் ‘உச்’ கொட்டிவிட்டுப் போய்விடுவார். முதல் முதல் சொன்னபோது அது உண்மை. போகப் போக, நான் கண்ணாலும் கண்டிராத பாட்டுகளும் என் கடலுக்குப் போகத் தொடங்கின. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் லெப்டொப்பில் ஆயிரம் பாட்டு வைத்திருக்கிற ஒருத்தன் பக்கத்தில் நிற்கும்போது ‘என்னிடம் இல்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் மருதமுனையில் ஒரு நெசவுக்காரர், கடல் வந்து ஒரு வருசத்துக்குப் பிறகு வெளிவந்த படத்தின் பாட்டைக் கேட்டார். நான் வழக்கம்போல முகத்தைத் தொங்கப் போட்டேன். மனிசன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அது எப்புடிக் காக்கா, இன்னும் வராத பாட்டையும் முன்கூட்டியே கொண்டு போயிரிக்கி உங்கட கடல்?”

அரை மணித்தியாலம்

எங்கள் ஊரில் பாட்டுப் போடுகிறவனுக்கு முதற் சட்டம், தொழுகைக்கு வாங்கு சொன்னால் பாட்டு நிற்க வேணும். ‘அல்லாஹு அக்பர்’ என்று பள்ளிவாசலில் தொடங்கும்போது ஊசி தட்டை விட்டு எழும்பியிருக்க வேணும். அதற்காக ஒரு காதை எப்போதும் பள்ளிப் பக்கம் வைத்திருப்பேன். நிஸாம் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். ஐந்து வாங்கின் நேரத்தையும் லெப்டொப்பில் பதிந்துவிட்டான். நேரம் வந்தால் தானாக நிற்கும், கால் மணித்தியாலம் கழித்துத் தானாகப் பாடும். “மெசினுக்கும் மார்க்கம் படிச்சிக் குடுத்திற்றான்” என்று ஊரெல்லாம் பேச்சு. நான் பன்னிரண்டு வருசம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதை ஒரு நாய் நரிகூடக் கதைத்ததில்லை.

அந்த வருசம் சித்திரையில் நாட்டு மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்கள், ஞாபகமிருக்கும். எல்லாரும் கைமணிக்கூட்டைத் திருப்பினோம், சுவர் மணிக்கூட்டைத் திருப்பினோம். வாங்கு நேரங்களைப் புது நேரத்துக்கு மாற்றிப் பதிந்த நிஸாம், லெப்டொப்புக்குள்ளேயும் ஒரு மணிக்கூடு இருக்கிறது என்பதை மறந்துவிட்டான். அந்தக் கிழமையே எங்கள் பள்ளி ரோட்டில் ஒரு கலியாணம். அவனுடைய பாட்டு, என்னுடைய ஸ்பீக்கர். மாப்பிள்ளையைக் கூட்டி வருகிறவர்களோடு போனவன், “அப்புடியே மஃரிபத் தொழுதிற்று வாறன் மச்சான், அது தானா நிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனான். மஃரிபுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கும்போது லெப்டொப் சத்தமில்லாமல் நின்றது. நான் எட்டி அதன் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தேன், பிறகு என் கைமணிக்கூட்டைப் பார்த்தேன். விசயம் விளங்கிவிட்டது. இது இப்போது நிற்கிறது என்றால், கால் மணித்தியாலத்தில் பாடத் தொடங்கி, வாங்கு சொல்கிற நேரம் முழுச் சத்தத்தில் பாடிக்கொண்டிருக்கும்.

ஆள் அனுப்பி அவனுக்குச் சொல்லியிருக்கலாம். ஸ்பீக்கர் வயரை அப்போதே கழற்றியிருக்கலாம். நான் ஒன்றும் செய்யவில்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகியில் கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். லெப்டொப் திரும்பப் பாடியது. பள்ளியில் வாங்கு தொடங்கியது. ஒரு காதல் பாட்டு அதற்கு மேலால் ஏறிக் கத்தியது. என் கை திருகியில்தான் இருந்தது. ஒண்டு. ரெண்டு. மூணு. மூணு எண்ணிய பிறகுதான் திருகினேன். இந்த நாள் வரைக்கும் ஆரிடமும் சொல்லாத கணக்கு அது.

தொழுகை முடிந்ததும் பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கிற மரைக்கார் நாலு பேரோடு நேரே கலியாண வீட்டுக்கு வந்தார். நிஸாம் முன்னால் போய் நின்று, “பிழை என்டதான் ஹாஜியார், மணிக்கூட்டப் பாக்காம உட்டுட்டன்” என்று தலையைக் குனிந்தான். மரைக்கார் அவனை ஏசவில்லை. என் கையைப் பிடித்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

“மெசினுக்கு ஈமான் இரிக்கா? தட்டுக் காக்காட கைக்கு இரிக்கி. இனி இந்தப் பள்ளி ரோட்டுல தட்டு மட்டும்தான்.”

வேற ரோட்டு

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தால் நீங்களும் என்னைப் போல ஆள்தான். ஒரு ரோட்டில் தடுத்தார்கள், அவன் மிச்ச ரோட்டையெல்லாம் பிடித்துக்கொண்டான். நிந்தவூர், அக்கரைப்பற்று, அம்பாறை என்று வேலை. சொந்தமாக ஸ்பீக்கர் வாங்கினான். முன்னால் ‘டீஜே நிஸாம்’ என்று பெரிதாக எழுதி ஒரு வேன். ரெண்டு கையாலும் ரெண்டு தட்டைச் சுற்றுகிற எனக்குத் தட்டுக் காக்கா என்று பேர். ஒரு விரலால் அமத்துகிறவன் டீஜே!

ஒரு நாள் சோதனைச் சாவடியில் அவனுடைய வேன் முன்னால், என் லேண்ட்மாஸ்டர் பின்னால். அவன் லெப்டொப்பைத் திறந்து ஒரு சிங்களப் பாட்டைப் போட்டான். ஆமிக்காரர் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சிரித்தபடி அனுப்பிவிட்டார். என் முறை வந்தது. ஒவ்வொரு இசைத்தட்டாக உறையிலிருந்து இழுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு பஞ்சுக்குள் சுற்றி வைத்திருந்த ஊசிகளைக் கண்டுவிட்டு, இது என்ன, எதற்கு, ஏன் இத்தனை என்று துருவத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஊசி பாட்டுப் பாடும் என்று சொன்னேன். அது அவருக்கு இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது. முன்னால் போன நிஸாம் திரும்பி வந்து, அவருடைய பாஷையில் விளங்கப்படுத்தித்தான் என்னை மீட்டான். என்னை மீட்டதும் அவன்தானா என்று எனக்கு இன்னும் எரிந்தது. ஆமிக்காரர் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

“மல்லி, தம்பி, நீ நாளைக்கு வா, வேற பாட்டு கொண்டா. காக்கா, நீ வேற ரோட்டு பாத்து போ.”

தலைகீழ்

அந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்காமல் எனக்கு இருக்க முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, நிஸாம் எங்கள் வீட்டில் லெப்டொப்பை வைத்துவிட்டு ஜும்ஆத் தொழுகைக்கு வெள்ளனப் போனான். நான் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தேன். பாட்டு எங்கே இருக்கிறது என்று தேடி, விரலுக்கு அகப்பட்டதையெல்லாம் அமத்தினேன். மூன்று கட்டையை ஒரே நேரத்தில் அமத்தியிருப்பேன் போல, படம் முழுக்கத் தலைகீழாகத் திரும்பிவிட்டது. எழுத்தெல்லாம் கால் மேலே, தலை கீழே!

திரும்ப அமத்தினால் இன்னும் என்ன ஆகுமோ என்ற பயம். ஜும்ஆவுக்கும் நேரமாகிவிட்டது. என் மூளைக்கு எட்டிய வழி ஒன்றுதான். லெப்டொப்பையே தூக்கித் தலைகீழாகத் திருப்பி, விரித்த புத்தகம் போல ரெண்டு தலையணைக்கு நடுவில் நிறுத்தினேன். இப்போது படம் சரியாகத் தெரிந்தது. நல்ல வேலை செய்த திருப்தியோடு தொழப் போனேன். திரும்பி வந்தபோது நிஸாம் தலையணைக்கு முன்னால் முழங்காலில் நின்றுகொண்டிருந்தான். நுஸ்ரா கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள். அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் ஒரு துளிகூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“மச்சான், ஆசையா இரிந்தா கேட்டிரிக்கலாமே. இது தட்டு மாதிரிச் சுத்துற சாமான் இல்ல.”

பாண்டிருப்பில் பாட்டு வேண்டாம்

வன்னிச் சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்த கிழமை. பாண்டிருப்பில் சிவலிங்கம் மாஸ்டரின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. மாஸ்டர் எனக்கு வழக்கமான ஆள். நிஸாமைக் கூப்பிடாத சிலரில் ஒருத்தர். சடங்குக்கு முதல் நாள் காலை, சாமானெல்லாம் ஏற்றிக்கொண்டு சந்தோசமாகப் போனேன். வாசலில் பந்தல் இல்லை, வாழை இல்லை. ‘டீஜே நிஸாம்’ வேன் மட்டும் நின்றது. இந்த வாசலையும் பிடித்துவிட்டானா என்று உள்ளே பாய்ந்தேன்.

உள்ளே பாட்டு இல்லை. மாஸ்டரும் பொஞ்சாதியும் லெப்டொப்புக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்கள். மாஸ்டரின் தங்கச்சி குடும்பம் வன்னியில். மாதக்கணக்காக ஒரு வெசளமும் தகவலும் இல்லை. நிவாரண வேலை செய்கிற பழைய கூட்டாளி ஒருத்தர் வவுனியா முகாம்களில் இருக்கிறவர்களின் பெயர்கள் கொஞ்சத்தை நிஸாமுக்கு அனுப்பியிருந்தார். அவன் அதை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தான். அதே குரல், அதே நிதானம். பள்ளிக்கூடத்து முகாமில் அவன் வாசித்தது என் மைக்கில். இப்போது அவனுக்கு என் மைக்கும் தேவையில்லை. இப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டும் எனக்குப் பொறாமை வந்தது என்றால் என்னை என்னவென்று சொல்ல? என் தட்டுக்குப் பாடத்தான் தெரியும், ஒருத்தரையும் தேடித் தர அதுக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு வந்த இன்னொரு பட்டியலில் தங்கச்சியின் பெயர் இருந்தது, புருசனின் பெயர் இல்லை. ஆனால் அந்தக் காலையில் நான் அறை வாசலில் நிற்க, மாஸ்டர் சற்றுத் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டார்.

“வாங்க ஹனிபா காக்கா. பாட்டு இப்ப வேணாம். நீங்களும் பக்கத்துல இருந்து ஒருக்காக் கேளுங்க, எங்கட காதுக்குத் தப்பினாலும் தப்பும்.”

வாசலில் ஆர் நிற்கிறது?

எங்கள் பக்கத்தில் பொண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாக, ஜெஸீமாவுக்குப் பள்ளி ரோட்டில் கிடைத்த காணித் துண்டில் வருசத்துக்கு ஒரு அறையாகக் கட்டினோம். வீடு முடிந்தது, நாளும் குறித்தாயிற்று. நுஸ்ரா மெல்ல வந்து, “வாப்பா, நிஸாம் மாமா பாட்டுப் போட்டா கூட்டாளிமாரெல்லாம் சந்தோசப்படுவாங்க” என்றாள். நான் கவலைப்பட்டவன் போல உதட்டைப் பிதுக்கி, “எனக்கென்ன மகள், பள்ளிச் சட்டம் இரிக்கே” என்றேன். உள்ளுக்குள் பெருநாள்! பள்ளி ரோட்டில் தட்டு மட்டும்தான். மரைக்காரின் வாயால் வந்த சட்டம். என் மூணு எண்ணிக்கையால் வந்த சட்டம்.

நாற்பது இசைத்தட்டைத் தெரிந்தெடுத்தேன். ஒவ்வொன்றையும் மெல்லிய சீலையால் துடைத்தேன், ஊசி மாற்றினேன், எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று கொப்பியில் எழுதினேன். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வரும்போது போட ஒரு பாட்டை மூன்று நாளாகப் பழகினேன். கலியாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஜெஸீமா தலை நிமிராமல் ஒரு கேள்வி கேட்டாள். மூன்று வருசத்துக்கு மேலாக ஊரோடும் உறவோடும் போட்டி போட்ட என் மண்டையில் ஒரு தடவைகூட எழும்பாத கேள்வி அது.

“பொண்ணுட வாப்பா பெட்டியடியில நிண்டா, வாசல்ல ஆரு நிக்கிற? மாப்பிள ஊட்டார உங்கட ஊசியா கைபுடிச்சிக் கூட்டிற்று வாற?”

சூடான சோறு

தட்டு என்றால் ஆள் பக்கத்தில் நிற்க வேணும், அதுதான் அதன் சட்டம். தானாக நிற்கிற, தானாகப் பாடுகிற சாமானை அந்த ரோட்டில் வரவிடாமல் பண்ணியவன் நான்தான். வேறு வழியில்லாமல் நிஸாமிடம் போனேன். கலியாண நாளுக்கு வேறு ஒரு வேலையும் எடுக்காமல் அவன் முதலே ஒதுக்கி வைத்திருந்தான். பதினைந்து வருசமாக நான் தொடவிடாத தட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டேன். “தொடத்தானே உடல்ல, பாக்க உட்டீங்கதானே மச்சான்” என்று சொல்லிவிட்டு வந்தான்.

நான் புதுச் சாரனும் தொப்பியுமாக வாசலில் நின்றேன், காது மட்டும் பெட்டியடியில் நின்றது. முதல் பாட்டு முடிந்து ரெண்டாவது தொடங்கிய இடம் எனக்கே தெரியவில்லை. பாவி, அவ்வளவு சுத்தமாகச் செய்கிறான்! மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா என் கை ரெண்டையும் தன் கைக்குள் வைத்து ஸலாம் சொன்ன நேரம், பள்ளி ஸ்பீக்கரில் அஸருக்கு ‘கிர்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. வாங்கு தொடங்கப் போகிறது. ஊசியை எடுக்க வேண்டிய என் கை சம்மந்தியின் கைக்குள் இருக்கிறது. நான் ‘ஒண்டு’ என்று நினைக்க முன்னமே ஊசி எழும்பிவிட்டது. ‘அல்லாஹு அக்பர்’ என்று சொன்னபோது எங்கள் வீட்டில் ஒரு பாட்டும் இல்லை.

தொழுகை முடிந்து, நிக்காஹ் முடிந்து, சஹன் வைத்தார்கள். சம்மந்தி என்னைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். பதினைந்து வருசத்தில் முதல் தடவை கலியாணச் சோறு சூடாக இருந்தது, என்னால் ரெண்டு பிடிக்கு மேல் இறக்க முடியவில்லை. பெட்டிகளுக்கு நடுவில் நிஸாம் நின்றுகொண்டு தட்டு மாற்றிக்கொண்டிருந்தான். எழும்பினேன். ஒரு பீங்கானில் சூட்டோடு சோறு போட்டு, எலும்பில்லாத இறைச்சியாகப் பார்த்து வைத்து, நானே கொண்டுபோனேன். அவன் சாப்பிடட்டும் என்று ஊசியை நான் வாங்கிக்கொண்டேன். முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். வாங்குக்கு மேலால் பாட்டுப் போன அன்றைக்கு லெப்டொப்பின் நேரம் பிழை என்று எனக்கு முதலே தெரியும், கை திருகியில்தான் இருந்தது, வேணுமென்றுதான் சுணங்கினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான்.

“தெரியும் மச்சான். உங்கட கை அந்தத் திருகிய உட்டு எடுபடுறதில்லையே. பள்ளியில கை கால் கழுவுற வுளூத் தொட்டியடியில நிண்டு நானும் எண்ணினன், மூணு வரைக்கும் போச்சு. நாலு போகல்லதானே.”

நீங்களே சொல்லுங்கள், இப்படி ஒருத்தனை மச்சானாக வைத்துக்கொண்டு பொறாமைப்படாமல் இந்தத் தொழிலை எந்த மனிசனால் செய்ய ஏலும்?